இறங்கினாரா, இறக்கினார்களா?

'இறங்கினார்' என்பதற்கும் 'இறக்கினார்' என்பதற்கும் ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம். மெல்லினம் போய் வல்லினம் வருகிறது, அவ்வளவுதான். தன்வினை, பிறவினை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்து, பரீட்சை முடிந்ததும் மறந்துபோகிற சமாச்சாரம். எம்.ஏ. தமிழ் படித்தபோதும் எனக்கு அது மார்க் வாங்குகிற விஷயமாகத்தான் இருந்தது. ஒரு காவல்நிலைய மேசையில் அந்த ஓர் எழுத்துக்கு என்ன விலை என்று நேரில் பார்த்த பிறகுதான் இலக்கணம் எதற்காக இருக்கிறது என்பது உறைத்தது.

எங்கள் காலனியில் சாயந்திரம் ஆறு மணிக்கு மேல் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறோம். கட்டடம் கிடையாது. கோயில் திண்ணையும் ஒரு ட்யூப் லைட்டும்தான் பள்ளிக்கூடம். அங்கே பத்தாவது படிக்கிற ஒரு பெண் வருவாள். அவள் அப்பா டவுனில் ஒரு வீட்டுக் கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் பண்ணப் போனவர், உயிரோடு திரும்பவில்லை. ஸ்டேஷனில் புகாரை அவர்களே எழுதி வைத்துவிட்டு, அவள் அம்மாவைக் கைநாட்டு வைக்கச் சொன்னார்கள். ரைட்டர் படித்துக் காட்டினார்: மேற்படி நபர் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கியபோது விஷவாயு தாக்கி மயங்கி விழுந்து இறந்துவிட்டார். அந்த அம்மா விரலை மையில் வைத்தாகிவிட்டது. அப்போது அந்தப் பெண் சொன்னாள்:

"அம்மா, வைக்காத. 'இறங்கியபோது'ன்னு போட்டிருக்காங்க. அப்பாவா எறங்கல. எறக்கனாங்க."

ரைட்டர் சிரித்தார். "ரெண்டும் ஒண்ணுதாம்மா" என்றார்.

ரெண்டும் ஒன்றா? கையால் மலம் அள்ளும் தொழிலில் ஆட்களை ஈடுபடுத்துவதைத் தடைசெய்யும் 2013ஆம் வருஷத்துச் சட்டம் இருக்கிறது. அதன் பெயரைக் கவனியுங்கள். ஈடுபடுவதை அல்ல, ஈடுபடுத்துவதைத் தடைசெய்கிறது. சட்டத்தின் பெயரே பிறவினையில் நிற்கிறது. பாதுகாப்பு இல்லாமல் சாக்கடையிலோ மலக்குழியிலோ ஆளை இறக்கினால், முதல் தடவைக்கு ரெண்டு வருஷம் வரை சிறை அல்லது ரெண்டு லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும் சேர்த்து. இப்படிச் செத்தவர்களின் குடும்பத்துக்குப் பத்து லட்சம் கொடுக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்னது. 2023இல் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. 'இறக்கினார்' என்று எழுதினால் இறக்கியவர் யார் என்ற கேள்வி தானாக வந்துவிடும். 'இறங்கினார்' என்று எழுதினால் கேள்வியே கிடையாது. செத்தவன் தானே போய்ச் செத்தான் என்று ஆகிவிடும். அந்தப் புகாரில் வேலை செய்தவர்கள் ரெண்டே பேர். ஒருவர் செத்தவர், இன்னொன்று வாயு.

பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுக்கிறோம் என்கிறோம். எழுத்துக்கூட்டிப் படிக்க, அருஞ்சொற்பொருள் சொல்ல, மனப்பாடம் பண்ண எல்லாம் சொல்லிக்கொடுக்கிறோம். ஒரு வாக்கியத்தில் நடந்த காரியம் எது, அதற்குக் காரணம் எது, காரணமானவர் யார் என்று பிரித்துப் பார்க்கச் சொல்லிக்கொடுக்கிறோமா? நான் படித்த எந்த வகுப்பிலும் இல்லை. ஆனால் அதற்கான கருவி நம் இலக்கணத்திலேயே கிடக்கிறது. வெளியே போய்த் தேடவேண்டாம்.

மூன்றாம் வேற்றுமை. 'ஆல்' உருபு. அதற்குக் கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி என்று பொருள் சொல்கிறார்கள். மண்ணால் குடம் செய்தான் என்றால் மண் கருவி. குயவனால் குடம் செய்யப்பட்டது என்றால் குயவன் கருத்தா. இதோடு நிற்கவில்லை. கருத்தாவையும் ரெண்டாகப் பிரித்திருக்கிறார்கள். தச்சனால் கோயில் கட்டப்பட்டது என்றால் தச்சன் இயற்றுதற் கருத்தா, கையால் செய்தவன். அரசனால் கோயில் கட்டப்பட்டது என்றால் அரசன் ஏவுதற் கருத்தா, செய்யச் சொன்னவன். அரசன் ஒரு கல்லைக்கூடத் தூக்கியிருக்க மாட்டான். இருந்தாலும் அவன்தான் கட்டினான் என்று சொல்வதற்கு இலக்கணம் வழி செய்து வைத்திருக்கிறது.

இதைத் திண்ணையில் நடத்தியபோது பிள்ளைகளிடம் கேட்டேன்: "தஞ்சாவூர் பெரிய கோயில யாரு கட்டுனது?" எல்லாரும் ஒரே குரலில், "ராஜராஜன்!" என்றார்கள். "டவுன்ல தொட்டியில எறங்குனவரு யாரால செத்தாரு?" ஒரு பையன் சொன்னான்: "கேஸால."

இந்த ரெண்டு பதிலுக்கும் நடுவில்தான் நம் சமூகத்தின் வாசிப்பு முறை முழுவதும் இருக்கிறது. பெருமை வருகிற இடத்தில் ஏவியவன் பெயர் நிற்கிறது, கல் சுமந்தவன் பெயர் காணோம். பழி வருகிற இடத்தில் ஏவியவன் பெயர் காணாமல் போகிறது. செய்தவன் நிற்கிறான், அல்லது செத்தவன் நிற்கிறான், இரண்டும் இல்லையென்றால் கருவி நிற்கிறது. விஷவாயு தாக்கியது, தீ பரவியது, மோதல் வெடித்தது, கலவரம் மூண்டது. வாயுவும் தீயும் கருவிகள். பத்திரிகைத் தமிழ் அவற்றைக் கருத்தாவாக உட்காரவைத்து எழுவாய்ப் பட்டம் கட்டிவிடுகிறது.

இந்தக் கண்ணோடு நம் இலக்கியத்துக்குள் போய்ப் பார்க்கலாம்.

சிலப்பதிகாரத்தில் கோவலனை வாளால் வெட்டியவன் கள் குடித்திருந்த ஒரு காவலாள். கண்ணகி அவனைத் தேடிப் போகவில்லை. நேரே அரண்மனை வாசலுக்குப் போகிறாள். வெட்டியவனைத் தாண்டி வெட்டச் சொன்னவனிடம் போய் நின்றாளே, அதுதான் வாசிப்பு. கள்வனைக் கொல்வது அரச நீதி என்று பாண்டியன் முதலில் சொல்கிறான். சிலம்பு உடைந்த பிறகு, நான் ஏவினேன், குற்றம் என்னுடையது என்று ஒப்புக்கொண்டு செத்தும் போகிறான். நான் படித்தவரையில், ஏவுதற் கருத்தா தன் பெயரைத் தானே வாக்கியத்தில் போட்டுக்கொண்ட இடம் தமிழ் இலக்கியத்தில் இதைப்போல வேறில்லை. கூடவே ஊழ்வினை என்ற காரணத்தையும் காப்பியம் வைக்கிறது. மேடைகளிலும் வகுப்பறைகளிலும் நாம் அதைத்தான் அதிகம் கேட்டிருக்கிறோம்.

அதே காப்பியத்தில் மேடையில் பேசப்படாத இன்னொரு இடம் உண்டு. பாண்டியன் செத்த பிறகு கொற்கையில் இருந்த வெற்றிவேற் செழியன் கண்ணகியைச் சாந்தப்படுத்த ஆயிரம் பொற்கொல்லர்களைப் பலி கொடுக்கிறான். பொய் சொன்னவன் ஒரு பொற்கொல்லன். ஆணையிட்டவன் அரசன். செத்தவர்கள் எதிலும் சம்பந்தமில்லாத ஆயிரம் உழைப்பாளிகள். ஒருவன் செய்த குற்றத்துக்கு அவன் பிறந்த கூட்டமே காரணம் என்று ஆக்குகிற வேலை இது. நம் ஊரில் எவனோ ஒரு பையன் எவளோ ஒரு பெண்ணோடு போய்விட்டால் காலனி முழுவதும் எரிகிறதே, அந்தக் காரண காரிய முறை இங்கேயே இருக்கிறது. சிலம்பைப் பாடம் நடத்துகிறவர்கள் இந்த இடத்தில் நின்று, "இந்த ஆயிரம் பேர் யாரால் செத்தார்கள்? எதற்காக?" என்று பிள்ளைகளைக் கேட்டிருக்கிறார்களா? என்னை யாரும் கேட்டதில்லை.

அடுத்தது நந்தன். 'நந்தனார் தீயில் மூழ்கி முக்தி அடைந்தார்' என்கிறமாதிரிதான் கோனார் நோட்ஸிலிருந்து கோயில் பிரசங்கம் வரை சொல்வார்கள். மூழ்கினார், அடைந்தார், ரெண்டும் தன்வினை. தொட்டியில் இறங்கினார், இறந்தார் என்பதைப் போலவே. சேக்கிழாரைப் படித்தால், தீயில் மூழ்கிவரச் சொல்லி நந்தனின் கனவில் உத்தரவு போடுகிறவர் இறைவன். தீயை மூட்டுகிறவர்கள் தில்லை அந்தணர்கள். ஏவியவரும் இருக்கிறார், இயற்றியவர்களும் இருக்கிறார்கள். ஆனால் காரணமாக வைக்கப்படுவது நந்தனின் பிறப்பு. தன் பிறப்பை நினைத்து அவனே தயங்கி வெளியே நிற்கிறான். அவனை யார் தடுத்தார்கள் என்ற கேள்விக்கு அங்கே ஆளே இல்லை.

19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி இதே கதையைப் பாட வரும்போது ஒரு வேதியர் ஆண்டையைக் கொண்டுவருகிறார். நாற்பது வேலி நிலத்தையும் பயிரிட்டு முடித்தால்தான் சிதம்பரம் போக அனுமதி என்கிறார் அந்த ஆண்டை. கதை தலைகீழாகிவிட்டது பாருங்கள். நந்தன் நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று தள்ளிப்போட்டது பக்தித் தயக்கத்தால் இல்லை, பண்ணை வேலையால் என்று காரணம் மாறுகிறது. பாரதியாரும் கடைசியில் நந்தனைத் தீயில்தான் இறக்குகிறார், அதில் மாற்றமில்லை. ஆனாலும் ஏவியவனுக்கு ஒரு முகம் கிடைத்தது. ரெண்டு நந்தன்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "நந்தன் ஏன் இன்னைக்கே போகல?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். காரணம் என்பது கதைக்குள் தானாக முளைப்பதல்ல, எழுதுகிறவர் தேர்ந்தெடுத்து வைப்பது என்று பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும்.

கீழ்வெண்மணிக்கு வருவோம். 1968 டிசம்பர் 25 இரவு, ராமையாவின் குடிசைக்குள் ஒளிந்த 44 பேர் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். காரணத்தில் ரகசியம் ஒன்றுமில்லை. கூலியை உயர்த்திக் கேட்டார்கள். செங்கொடியை இறக்கிவிட்டு நில உடைமையாளர் சங்கத்தில் சேரமாட்டோம் என்றார்கள். கேட்டவர்கள் சேரிக்காரர்கள், கேட்கக்கூடாது என்றவர்கள் நிலமும் சாதியும் உள்ளவர்கள். கீழ்க்கோர்ட் தண்டித்த நில உடைமையாளர்களை 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. நிலபுலன் உள்ளவர்கள், கார் வைத்திருப்பவர்கள், வேலைக்காரர்களை விட்டுவிட்டுத் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்ற ரீதியில் அந்தத் தீர்ப்பு பேசியது. இதை நம் இலக்கணத்தில் சொன்னால், இவர்கள் இயற்றுதற் கருத்தாவாக இருக்கமுடியாது என்றது கோர்ட். சரி, அப்படியே இருக்கட்டும். வசதியுள்ளவன் தான் நேரில் போகமாட்டான், ஆளை வைத்துத்தான் செய்வான் என்று தெரிந்த நீதிமன்றத்துக்கு, ஏவியது யார் என்ற அடுத்த கேள்வி வந்திருக்கவேண்டாமா? அந்தக் கேள்வி நிற்கவே இல்லை. கோயில் கட்டினால் ஏவியவன்தான் கட்டினான் என்கிற தமிழ்நாட்டில், குடிசை எரிந்தால் ஏவியவன் காரணமில்லை என்று ஆகிவிட்டது.

நீதிமன்றத்தின் கதை இப்படியென்றால் இலக்கியத்தின் கதை வேறு மாதிரி. இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' 1975இல் வந்தது, 1977இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அதில் கூலிப் பிரச்சினை இல்லாமலில்லை, சாதி இல்லாமலில்லை. ஆனால் கதையைப் பின்னாலிருந்து தள்ளுகிற விசையாகப் பண்ணையாரின் ஆண்மைக் குறைபாடும் அதிலிருந்து பிறக்கிற வன்மமும் வைக்கப்பட்டிருக்கிறது. இதைப் பலரும் முன்பே கண்டித்திருக்கிறார்கள், நான் புதிதாகச் சொல்லவில்லை. நான் சேர்க்க நினைப்பது ஒன்றுதான். இந்த நாவலில் கொன்றவனின் பெயர் மறைக்கப்படவில்லை. அவன் நட்ட நடுவில் நிற்கிறான். மறைவது அவன் எதற்காகக் கொன்றான் என்பது. பண்ணையாருக்கு உடம்பில் குறை இல்லாதிருந்தால் குடிசை எரிந்திருக்காதா? அரைப்படி நெல்லைக் கூடுதலாகக் கொடுத்திருப்பாரா? கொடியை விட்டுவைத்திருப்பாரா? காரணத்தைச் சோதித்துப் பார்க்க இதைவிட எளிய கேள்வி கிடையாது. இது இல்லாவிட்டால் அது நடந்திருக்குமா என்று கேட்கவேண்டும். நடந்திருக்கும் என்றால் அது காரணம் இல்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான்.

இதுவரை எழுதியதைப் படித்துவிட்டு நம் தோழர்கள் சந்தோஷப்படுவார்கள். இனிமேல் எழுதப்போவது நமக்கு.

ஒரு நாள் திண்ணையில் நம் இயக்கத் துண்டறிக்கை ஒன்றைப் பிள்ளைகளிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். 'சாதியம் கொன்றது, பார்ப்பனியம் பலிகொண்டது' என்று இருந்தது. ஒன்பதாவது படிக்கிற பையன் ஒருவன் கேட்டான்: "அக்கா, சாதியம்னா யாரு? எந்த ஊரு?" எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தத் துண்டறிக்கையை எழுதியதே நான்தான்.

விஷவாயு என்று எழுதுகிறவன் காரணத்தை மிகப் பக்கத்தில் வைத்து ஆளை மறைக்கிறான். சாதியம் என்று மட்டும் எழுதுகிற நான் காரணத்தை மிகத் தூரத்தில் வைத்து ஆளை மறைக்கிறேன். ரெண்டு வாக்கியத்திலும் காலையில் போன் பண்ணிக் கூப்பிட்ட கான்ட்ராக்டர் இல்லை. மிஷினுக்கு வாடகை அதிகம், ஆளே இறங்கட்டும் என்ற வீட்டுக்காரர் இல்லை. தெரிந்தும் கண்டுகொள்ளாத அதிகாரி இல்லை. எங்கள் சங்கிலியில் நடுக் கண்ணிகள் எல்லாம் அறுந்து கிடக்கின்றன. சாதி காரணமில்லையா என்று கேட்காதீர்கள். சாதிதான் காரணம். டவுன் முழுக்க வேலையில்லாதவர்கள் இருக்கும்போது இந்தக் காலனிக்கு மட்டும் ஏன் அந்த போன் வந்தது என்று கேட்டால் சாதி தவிர வேறு பதில் கிடையாது. ஆனால் சாதி அந்த போன் வழியாகத்தான் வந்தது. அந்த வழியைக் காட்டாமல் சாதியம் என்று எழுதினால், தலையெழுத்து என்று சொல்வதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டின் மேலும் எஃப்.ஐ.ஆர். போடமுடியாது.

எங்கம்மா நடவுக்கும் அறுப்புக்கும் போனவள். நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது அறுப்புக்கு நெல்தான் கூலி. மேடையில் யாராவது பேசினால், "எல்லாம் நம்ம தலையெழுத்து" என்று பெருமூச்சு விடுவாள். கூலி நெல்லோடு வீட்டுக்கு வந்தால் பேச்சு வேறாக இருக்கும். "அந்தாளு மரக்காலத் தலையத் தட்டி அளக்குறான். அதான் நமக்கு ஒவ்வொரு வாட்டியும் கொறையுது." யார், என்ன செய்தான், அதனால் என்ன ஆனது, மூன்றும் அந்த வாக்கியத்தில் இருக்கிறது. எழுதத் தெரியாத அவளுக்கு அது தெரிந்திருந்தது. எழுதப் படித்த நான் அதைத் தொலைத்தேன். சேரியின் பேச்சில் ஆள் இருக்கிறான். பள்ளிக்கூடத்து எழுத்துத் தமிழுக்கு வரும்போது அவன் கழன்றுவிடுகிறான்.

அதனால் இப்போது திண்ணையில் பாடத்தை மாற்றிவிட்டோம். ஒரு பத்திரிகைச் செய்தியைக் கொடுத்து, இதை உங்க வீட்டில் எப்படிச் சொல்வீர்களோ அப்படிச் சொல்லுங்கள் என்கிறோம். "மூணு பேரு செத்துட்டாங்க" என்று ஆரம்பிப்பார்கள். "எதால?" "கேஸால." "அந்த கேஸ் இருக்கிற எடத்துக்கு எப்பிடிப் போனாங்க?" "கூப்ட்டாங்க." "யாரு?" இப்படியே போகும். எதனால், யாரால், யார் சொல்லி, ஏன் இவர்களை என்று நாலு கேள்வி. பிறகு அவர்கள் பேசியதையே எழுதச் சொல்கிறோம். 'பிறகு' என்று வருகிற இடத்தில் 'அதனால்' என்று போடலாமா என்று ஒவ்வொரு இடமாகச் சோதிக்கச் சொல்கிறோம். பல இடங்களில் போடமுடியாது. அதைக் கண்டுபிடிப்பதும் பாடம்தான்.

கதை வாசிக்க பூமணியின் 'வெக்கை'யை எடுத்துக்கொண்டோம். 1982இல் வந்த நாவல், 2019இல் 'அசுரன்' என்று சினிமாவானது, அதனால் பிள்ளைகளுக்குக் கதை தெரியும். அதில் ஒரு சின்னப் பையன் கொலை செய்துவிட்டு ஓடுவதில் கதை தொடங்குகிறது. காரியம் முதலில், காரணம் பின்னால் கொஞ்சம் கொஞ்சமாக. அண்ணன் கொல்லப்பட்டதும், அதற்கும் முன்னால் நிலத்தைக் குறிவைத்ததும் பிறகுதான் தெரிகிறது. கொலையிலிருந்து ஆரம்பிப்பது போலீசின் வாசிப்பும்தான். போலீஸ் அங்கேயே நின்றுவிடும். நாவல் பின்னால் நடந்து போகிறது. "எந்த எடத்துல ஆரம்பிக்கிறதுன்றதே ஒரு கட்சிதான் அக்கா" என்றாள் ஒரு பிள்ளை. எம்.ஏ.வில் எனக்கு யாரும் இதைச் சொல்லவில்லை.

காரணமும் காரியமும் இடம் மாறி நிற்பதைக் காட்ட அம்பேத்கரைத்தான் எடுக்கவேண்டியிருக்கிறது. 1916இல், 25 வயதில், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சாதிகள் பற்றி அவர் வாசித்த கட்டுரை. உடன்கட்டை, கட்டாய விதவைக் கோலம், சிறுமி மணம் மூன்றும் உயர்ந்த தத்துவத்திலிருந்து பிறந்தவை என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் திருப்பிப் போட்டார். சாதிக்குள்ளேயே கலியாணம் என்ற வேலியைக் காப்பாற்றுவதற்காக இந்த வழக்கங்கள் வந்தன, அவற்றைப் புகழ்கிற தத்துவம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது என்று காட்டினார். நம் பிள்ளைகள் அவர் படத்துக்கு மாலை போடுகிறார்கள். அவர் வாசித்த மாதிரி வாசிக்கப் பழக்குவதும் நம் வேலைதானே தோழர்களே?

ஸ்டேஷன் கதையை முடித்துவிடுகிறேன். அந்த அம்மா மையைச் சேலையில் துடைத்துவிட்டு எழுந்துவிட்டாள். நாங்கள் பத்துப் பதினைந்து பேர் ராத்திரி வரை வாசலில் உட்கார்ந்திருந்தோம். மறுநாளும் உட்கார்ந்தோம். கடைசியில் 'பாதுகாப்புக் கருவி எதுவும் கொடுக்காமல் இன்னார் இறக்கியதால்' என்று எழுதப்பட்டது. வழக்கு நடக்கிறது. தீர்ப்பு எப்படி வரும் என்று நான் ஜோசியம் சொல்லமாட்டேன். ஒரு எழுத்தை மாற்றியதால் அவள் அப்பா திரும்பி வரப்போவதுமில்லை.

அந்தப் பெண் இரண்டு வாரம் கழித்துத் திண்ணைக்கு வந்தாள். வரலாற்றுப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு கேட்டாள்: "அக்கா, 1876ல பஞ்சத்தால லட்சக்கணக்கான பேரு செத்தாங்கன்னு இருக்கு. பஞ்சம் கருவியா, கருத்தாவா?"

அந்த வருஷங்களில் இந்தியாவிலிருந்து தானியம் ஏற்றிக்கொண்டு போன கப்பல்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். ஆறு மணிக்குத் தொடங்கிய வகுப்பு அன்றைக்கு ஒன்பதரைக்குத்தான் முடிந்தது.